பீமீல் பேக்கனும் சித்தப்பாவின் தட்டகப்பையும்

ரொறன்ரோவுக்கென்று சொந்தமாக ஒரு சாப்பாடு உண்டா என்று வெளியூர்களிலிருந்து வரும் உறவினர்கள் கேட்பதுண்டு. எந்த நாட்டுச் சமையலைத் தேடினாலும் கிடைக்கிற ஊர் இது. நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் கொத்துரொட்டிக் கடையும், 'பற்றி' என்கிற ஜமெய்க்கன் இறைச்சிப் பணியாரக் கடையும் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இந்த நகரத்திலேயே உருவாகி, கட்டடத் தொழிலாளி முதல் வழக்கறிஞர் வரை எல்லோரும் நின்ற நிலையிலேயே கடித்துத் தின்கிற பொருள் எது என்று கேட்டால், நான் யோசிக்காமல் பீமீல் பேக்கன் சான்ட்விச்சைத்தான் சொல்வேன். கேட்டவர்களில் பாதிப்பேர் முகத்தைச் சுளிப்பார்கள். பன்றியிறைச்சி என்றதும் எங்களவர்களில் பலருக்கு வருகிற சுளிப்புத்தான் அது, அதில் எனக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. மீதிப்பேருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் இது என்னவென்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பேக்கன் என்றதும் எல்லோருடைய மனத்திலும் வருவது பன்றியின் வயிற்றுப் பகுதியிலிருந்து நீளநீளமாகச் சீவி, புகையூட்டி, பொரித்தால் மொறுமொறுவென்று ஒடிகிற அந்தக் கொழுப்புப் பட்டைதான். பீமீல் பேக்கன் அதற்கு நேர்மாறானது. பன்றியின் முதுகுப்புறத்தில் எலும்பை நீக்கியெடுத்த சதைப்பகுதியை, மேற்கொழுப்பில் ஒரு மெல்லிய விளிம்பை மட்டும் விட்டு வெட்டி, உப்பும் சீனியும் கரைத்த தண்ணீரில் சில நாட்கள் ஊறவைத்து, பிறகு மஞ்சள் சோள மாவில் உருட்டியெடுப்பார்கள். புகை காட்டுவதே இல்லை. கடையில் வாங்கும்போது அது பச்சை இறைச்சிதான், சமைத்தே தீரவேண்டும். அமெரிக்காவில் பீட்சாவின் மேல் வட்டவட்டமாகப் போட்டுவிட்டு 'கனேடியன் பேக்கன்' என்று பெயர்சூட்டி விற்கிறார்களே, அது புகையூட்டி ஏற்கெனவே வேகவைத்த வேறொரு பண்டம். கனடாக்காரரிடம் போய் இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டால், சாதாரணமாக எதற்கும் கோபப்படாத அவர்களுக்கும் குரல் கொஞ்சம் உயரும்.

இதன் பிறப்பு ஒரு குடியேறியவரின் கடையில் நிகழ்ந்தது. வில்லியம் டேவிஸ் என்கிற ஆங்கிலேயர் 1854 இல் இங்கிலாந்திலிருந்து வந்து, ரொறன்ரோவின் சென்ற் லோரன்ஸ் மார்க்கெட்டில் இறைச்சி பதனிட்டு விற்கத் தொடங்கினார். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம். ஊறிய இறைச்சியின் மேற்பரப்பில் ஈரம் நின்றால் பழுதாகிவிடும் என்பதால், காய்ந்த மஞ்சள் பட்டாணியை அரைத்த மாவில் அதை உருட்டி வைத்தார்கள். மா ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, இறைச்சி கூடுதல் நாட்கள் தாங்கியது. இங்கிலாந்திலிருந்த தன் உறவினருக்கு டேவிஸ் இப்படிப் பட்டாணி மாவில் பொதிந்து அனுப்பியதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது என்று ரொறன்ரோவில் ஒரு கதை சொல்வார்கள். பின்னாளில், இருபதாம் நூற்றாண்டில், பட்டாணி மாவின் இடத்தைச் சோள மா பிடித்துக்கொண்டது. இன்று பட்டாணி எங்கும் இல்லை, பட்டாணி மா என்று பொருள்படும் 'பீமீல்' என்கிற பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

டேவிஸின் கடை கடையாகவே நின்றுவிடவில்லை. டொன் ஆறு ஏரியில் விழுகிற இடத்துக்கு அருகே, ஃப்ரன்ற் வீதியின் கிழக்கு முனையில் அவரது நிறுவனம் கட்டிய தொழிற்சாலை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியப் பேரரசிலேயே மிகப் பெரிய பன்றியிறைச்சித் தொழிற்சாலையாக வளர்ந்திருந்தது. அங்கே பதனிட்ட இறைச்சி கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போயிற்று. ரொறன்ரோவுக்குப் 'பன்றிப் பட்டணம்' என்கிற பட்டப்பெயர் நிலைத்ததற்கு இந்தத் தொழிற்சாலையைத்தான் பலரும் காரணமாகச் சொல்கிறார்கள். நிறுவனத்தைப் பெருக்கியவர் பிற்பாடு அதன் தலைமைக்கு வந்த ஜோசப் ஃபிளவெல். முதல் உலகப்போர்க் காலத்தில், 1917 இல், அவருக்கு அரச பட்டம் கிடைத்த அதே ஆண்டில், போரைச் சாட்டிப் பேக்கனில் கொள்ளை இலாபம் அடித்தார் என்று பத்திரிகைகள் அவரைக் கிழித்தெடுத்தன. அவர் வாழ்ந்த மாளிகை இப்போது ரொறன்ரோ பல்கலைக்கழகச் சட்டபீடத்தின் பகுதியாக இருக்கிறது. பேக்கனில் எழுந்த மாளிகையில் சட்டம் படிப்பிக்கிறார்கள் என்பதை அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் நான் யாரிடமாவது சொல்லித் தொல்லை கொடுப்பேன். 1927 இல் டேவிஸ் நிறுவனம் வேறு சில நிறுவனங்களுடன் சேர்ந்து கனடா பக்கர்ஸ் ஆயிற்று, 1991 இல் அதுவும் இன்னொன்றுடன் இணைந்து மேப்பிள் லீஃப் ஃபூட்ஸ் ஆயிற்று. தொழிற்சாலை போய்விட்டது, சான்ட்விச் தங்கிவிட்டது.

எனக்கு இதைப் பழக்கியவர் சித்தப்பா. 1983 ஆடிக்கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அக்காலத்தில் வந்த எங்களவர்கள் பலரைப் போலவே சென்ற் ஜேம்ஸ் ரவுணின் அடுக்குமாடிகளில் ஒன்றில், ஒரு படுக்கையறை வீட்டில் நான்கைந்து பேரோடு தங்கி, கிடைத்த வேலையைச் செய்தார். கிடைத்தது உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ரொறன்ரோ உணவகங்களின் பின்கதவைத் திறந்தால் உள்ளே யாராவது ஒரு தமிழர் நின்றிருப்பார் என்பது மிகைப்படுத்தப்பட்ட கூற்றல்ல. கோப்பை கழுவியவர்கள் காய்கறி வெட்டும் இடத்துக்கு நகர்ந்து, அங்கிருந்து அடுப்படிக்கு நகர்ந்தார்கள். சித்தப்பா நகர்ந்தது, நகர மையத்தில் காலைச் சாப்பாட்டுக்குக் கூட்டம் அலைமோதுகிற ஒரு சிறிய உணவகத்தின் கிரில்லுக்கு. கிரில் என்று அவர்கள் சொல்வது கம்பி வைத்த அடுப்பையல்ல, ஆள் நீளத்துக்குக் கிடக்கும் தட்டையான இரும்புத் தகட்டை. அதிகாலை ஐந்து மணி தொடக்கம் பகல் வரை அவர் அதன் முன்னால்தான்.

வெள்ளியும் செவ்வாயும் மரக்கறி, கோயில் கொடியேறினால் திருவிழா முடியும்வரை மரக்கறி என்று வளர்ந்த மனிதர் பன்றியிறைச்சியின் முன்னால் நின்று நாளெல்லாம் பிரட்டிக்கொண்டிருந்ததை நான் சின்ன வயதில் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். அவருக்கு அது வேடிக்கையாக இருந்திராது. முதல் சில மாதங்கள் ருசிபார்க்காமலே சமைத்தாராம். உப்புக் கூடினதா குறைந்ததா என்று மணத்தை வைத்தே சொல்லப் பழகிக்கொண்டாராம். ஒரு மழைநாளில், பசி தாங்காமல், துண்டங்களின் கடைசி முனைகளை, அதாவது வாடிக்கையாளருக்குக் கொடுக்க முடியாத கோணல் வெட்டுகளை, ஒரு பணிசுக்குள் வைத்துத் தின்றிருக்கிறார். அதன்பிறகு வேலைநாட்களில் அதுதான் காலைச் சாப்பாடு. வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் இது இல்லை.

அவர் சொல்லித்தந்த முறையை இங்கே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இந்தச் சான்ட்விச்சின் நன்மை தீமை எல்லாம் அந்தத் தகட்டின் மேல் நான்கைந்து நிமிடங்களில் முடிவாகிவிடுகிறது. துண்டு கால் அங்குலத் தடிப்பு இருக்கவேண்டும். மெல்லியதாகச் சீவினால் சோள மா பொரிவதற்குள் இறைச்சி காய்ந்துவிடும். தடித்துப்போனால் நடுப்பகுதி வேகுமுன் வெளிப்பகுதி இறுகிவிடும். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஓடுகிற கொழுப்பு விளிம்பைக் கத்தி முனையால் இரண்டு மூன்று இடங்களில் சிறிதாகக் கீறிவிட வேண்டும். கீறாவிட்டால் சூடு பட்டதும் அந்த விளிம்பு சுருங்கி, துண்டு முழுவதும் கிண்ணம்போலக் குழிந்து எழும்பிவிடும். குழிந்த பகுதி தகட்டில் படாமல் வெளிறிக் கிடக்கும். கொஞ்சமாக எண்ணெய் தடவி, நடுத்தரச் சூட்டில் துண்டுகளைப் பரப்பினால், முதலில் ஓரங்களில் நீர் கசிந்து வெண்ணுரை கட்டும். அந்த நீர் வற்றி, சத்தம் மாறும்வரை பொறுத்திருக்க வேண்டும். தண்ணீரில் கொதிக்கிற சத்தம் கொழுப்பில் பொரிகிற சத்தமாக மாறுகிற அந்தக் கணத்தில்தான் பிரட்டவேண்டும், அதுவும் ஒரேயொரு தடவை.

"பிள்ளை, சும்மா சும்மா பிரட்டாதை. தட்டகப்பையாலை அமத்தவும் அமத்தாதை. அமத்தினால் உள்ளுக்கை இருக்கிற சாறெல்லாம் வெளியாலை வந்திடும், பிறகு செருப்புத் தோலைத்தான் சப்பவேணும்" என்று அவர் வீட்டில் சமைக்கும்போது சொல்வார். அவருடைய தட்டகப்பை நுனி தேய்ந்து ஒரு பக்கம் சரிந்திருந்தது. வேலையை விட்டபோது உணவகத்திலிருந்து அவர் கேட்டு வாங்கிக்கொண்டு வந்த பொருள் அது ஒன்றுதான்.

சரியாக வெந்த துண்டின் நடுப்பகுதி இளஞ்சிவப்பாகவே இருக்கும். புதிதாகச் சாப்பிடுகிறவர்கள் இதைப் பார்த்து வேகவில்லை என்று பயப்படுவார்கள். ஊறவைக்கிற தண்ணீரில் சேர்க்கிற நைட்ரைட் உப்பு, இறைச்சியின் நிறப்பொருளோடு சேர்ந்து, சூட்டிலும் மாறாத ஒரு இளஞ்சிவப்பைக் கொடுக்கிறது. அதே உப்புத்தான் உயிரைப் பறிக்கும் நச்சுக்கிருமி வளராமலும் காக்கிறது. ஆகவே நிறத்தை நம்பாமல் சூட்டை நம்புவது நல்லது. பன்றியிறைச்சிக்கு உள்ளே 71 பாகை செல்சியஸ் வரவேண்டும் என்று கனடாச் சுகாதாரத்துறை சொல்கிறது. சித்தப்பாவிடம் வெப்பமானி இருந்ததில்லை. துண்டின் நடுவில் விரல் நுனியால் தொட்டுப்பார்த்து எடுத்துவிடுவார். அந்த விரல் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை, நான் வெப்பமானியோடுதான் சமைக்கிறேன்.

இறைச்சியைத் தாங்குவது கைசர் பணிஸ். மேலே ஐந்து இதழாகக் கீறிய அந்த வெள்ளை உருண்டை ரொட்டி, தோல் மெல்லியதாகவும் உள்ளே பஞ்சாகவும் இருக்கவேண்டும். பணிசை இரண்டாகப் பிளந்து, வெட்டுப்பக்கத்தைத் தகட்டில் இறைச்சி விட்டுச்சென்ற கொழுப்பின் மேல் அரை நிமிடம் கவிழ்த்துவைத்தால், அடிப்பகுதி சாற்றில் நனைந்து கிழிந்துபோகாது. மூன்று அல்லது நான்கு துண்டுகளை நேராக அடுக்காமல், ஒன்றையொன்று பாதி மூடும்படி மடித்து வைக்கவேண்டும். அரைத்த கடுகுப் பசை ஒரு பக்கத்தில் மட்டும். அவ்வளவுதான்.

இந்த 'அவ்வளவுதான்' விடயத்தில் நான் பிடிவாதக்காரன். முட்டை வைக்கிறார்கள், சீஸ் வைக்கிறார்கள், தக்காளியும் இலைக்கோசும் வைக்கிறார்கள், சில புதிய கடைகளில் அவக்காடோவைக் கூட அரைத்துப் பூசுகிறார்கள். முட்டைக்கு ஒரு நியாயம் உண்டு, காலைச் சாப்பாடு என்பதால் விட்டுவிடலாம். மற்றவை இறைச்சியின் குறையை மறைக்க வந்தவை. பீமீல் பேக்கனில் புகை மணம் இல்லை, மொறுமொறுப்பு மிகக் குறைவு, காரம் அறவே இல்லை. இனிப்பும் உப்பும் மெல்லக் கலந்த இறைச்சியின் சுவை, ஓரத்தில் பொன்னிறமாகப் பொரிந்த சோள மாவின் நறநறப்பு, கடுகின் எரிவு என்று அதற்கு இருப்பதே மூன்று குணங்கள். அவற்றின் மேல் நான்காவது ஒன்றைப் போட்டால் முதலில் காணாமற்போவது சோள மாதான். ஒரு தகட்டின் முன்னால் நின்று ஒருவர் சத்தத்தைக் கேட்டுச் சமைத்ததெல்லாம் ஒரு கரண்டி மயோனைசில் அழிந்துபோவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

நான் இதை முதலில் சாப்பிட்ட இடம் அவர் வேலைசெய்த உணவகமல்ல. சனிக்கிழமைகளில் அவருக்கு விடுமுறை கிடைக்கிறபோது, பாடசாலைக் கட்டடத்தில் நடக்கிற தமிழ் வகுப்புக்கு என்னைக் கூட்டிப்போகும் பொறுப்பை அவர் ஏற்றுக்கொள்வார். அம்மாவுக்கு அது பெரிய உதவி. வகுப்பு ஒன்பது மணிக்கு. ஆனால் நாங்கள் விடியற்காலையிலேயே புறப்பட்டு, ஷேர்போர்ன் வீதி பஸ்ஸில் தெற்கே இறங்கிச் சென்ற் லோரன்ஸ் மார்க்கெட்டுக்குப் போவோம். அக்காலத்தில் சனிக்கிழமைகளில் அந்தச் சந்தை அதிகாலை ஐந்து மணிக்கே திறந்துவிடும். 1803 இலிருந்து அந்த இடத்தில் சந்தை நடக்கிறது. தெற்குக் கட்டடத்தின் முகப்புக்குள் 1845 ஆம் ஆண்டு நகரமண்டபம் விழுங்கப்பட்டுக் கிடக்கிறது. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் பழைய மண்டபத்தின் செங்கல் சுவரையும் சன்னல்களையும் காணலாம். நகரசபை கூடிய அறை இன்று மாடியில் ஒரு காட்சிக்கூடமாக இருக்கிறது. இதையெல்லாம் நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்தது, மீன் கடைகளின் ஐஸ் மணத்தைத் தாண்டி இறைச்சிக் கடைகளின் பக்கம் திரும்பினால் பொரிகிற மணம் வரும் என்பதும், அங்கே வரிசையில் நிற்கவேண்டும் என்பதும்தான்.

வரிசை பெரும்பாலும் கரோசல் பேக்கரியின் முன்னால்தான் நீளும். பீமீல் சான்ட்விச்சைச் சுற்றுலாப் பயணிகளின் பட்டியலில் ஏற்றிவிட்டதில் அந்தக் கடைக்குப் பெரிய பங்குண்டு. 2012 இல் நேஷனல் ஜியோகிராஃபிக் இந்தச் சந்தையை உலகத்தின் தலைசிறந்த உணவுச் சந்தை என்று எழுதியபிறகு வரிசை இன்னும் நீண்டது. ஆனால் தொண்ணூறுகளில் அந்த நேரத்தில் நின்றவர்கள் இரவு வேலை முடித்தவர்களும், சந்தைக்குச் சரக்கு இறக்கியவர்களும், எங்களைப் போன்றவர்களும்தான். சித்தப்பா வரிசையில் நிற்கும்போது வாய் பேசமாட்டார். கண் முழுவதும் தகட்டில் நிற்பவரின் கையில். ஒருநாள் ஒரு புதிய பையன் துண்டுகளை மாறிமாறிப் பிரட்டியதைப் பார்த்து, "இண்டைக்கு வேண்டாம், வா பிள்ளை, சீஸ் கடைக்குப் போவம்" என்று என்னைக் கையில் பிடித்துக் கூட்டிப்போனார். நான் அழாத குறை.

வாங்கியதை இரண்டாக வெட்டித்தரச் சொல்லி, வெளியே ஃப்ரன்ற் வீதியின் படிகளில் இருந்து தின்போம். காகிதத்தைப் பிரித்தவுடன் ஆவி மூக்கில் அடிக்கும். கடுகு வழிந்து என் தமிழ்ப் பயிற்சிக் கொப்பியின் மூலையில் ஒரு மஞ்சள் வட்டம் விழுந்த நாளில், அதைக் கண்ட ரீச்சர் மஞ்சள் தண்ணியா என்று கேட்டார். நான் ஓமென்று தலையாட்டினேன். வகுப்பில் அன்றைக்குப் படித்தது கொல்லாமை அதிகாரம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை.

வீட்டில் அம்மாவுக்கு இது எப்போது தெரியவந்தது என்பதில் எங்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. தெரிந்தபிறகு அவர் பெரிதாகச் சத்தம் போடவில்லை. ஆனால் அவரது சட்டம் தெளிவாக இருந்தது. குசினிக்குள் வரக்கூடாது, வீட்டுச் சட்டிபானையைத் தொடக்கூடாது. ஆகவே சித்தப்பா ஒரு மின்சாரத் தகட்டை வாங்கிவந்து பல்கனியில் வைத்தார். பனி கொட்டுகிற தை மாதத்திலும் மேற்சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு அவர் அங்கே நின்று பிரட்டுவார்; கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அம்மா இடியப்பம் அவித்துக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் வன்னிக்காரர் ஒருவர், ஊரில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன கதைகளை மணிக்கணக்காகச் சொல்பவர், இந்தத் தட்டை மட்டும் தொடவே மாட்டார். "காட்டுப்பண்டி எண்டால் அது வேறை சாமான், அக்கா. இது வீட்டுப்பண்டியெல்லோ" என்று அம்மாவிடம் அவர் விளக்குவதும், இரண்டையுமே வாழ்நாளில் தொட்டறியாத அம்மா மிகுந்த அக்கறையோடு அதற்குத் தலையாட்டுவதும் எங்கள் வீட்டில் அடிக்கடி நடக்கும் நாடகம்.

சித்தப்பா இப்போது ஓய்வுபெற்று ஸ்காபரோவில் இருக்கிறார். உப்பைக் குறைக்கச் சொல்லி வைத்தியர் கண்டித்திருப்பதால், முழுச் சான்ட்விச் அவருக்கு விலக்கு. ஆகவே நான் வெட்டாத முழுத்துண்டாக வாங்கி, சமைக்குமுன் துண்டுகளை அரை மணித்தியாலம் குளிர்ந்த தண்ணீரில் போட்டு உப்பை இறக்குகிறேன். இப்படிச் செய்தால் சோள மா கரைந்துபோய்விடும் என்பதால், ஈரத்தைத் துடைத்துவிட்டு ஓரங்களைப் புதிதாகச் சோள மாவில் ஒற்றியெடுக்க வேண்டும். சுவை கொஞ்சம் மட்டுத்தான், ஆனால் அவர் குறை சொல்வது சுவையைப் பற்றியல்ல, தடிப்பைப் பற்றி. மிஞ்சுகிற துண்டுகளைச் சிறிதாக வெட்டி, வெங்காயமும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் போட்டுப் பிரட்டி, கடைசியில் தேசிக்காய்ப் புளி விட்டால் பாணுக்கு அருமையான கூட்டு. இந்தப் பிரட்டலுக்கு உப்புப் போடவே கூடாது. நான்காவது சுவையைப் பற்றி மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் இது விரோதமானது என்பது தெரியும். ஆனால் இது சான்ட்விச் அல்ல, கறி.

ரொறன்ரோவுக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது: திங்கட்கிழமை போகாதீர்கள், சந்தை பூட்டியிருக்கும். சனிக்கிழமை போவதானால் எட்டு மணிக்கு முன் போய்விடுங்கள், பிறகு நடக்க இடமிருக்காது. ஏற்கெனவே பொரித்து அடுக்கிவைத்த தட்டிலிருந்து எடுத்துத் தருகிற கடையானால், அடுத்த சுற்று தகட்டில் விழும்வரை பின்னால் நிற்பவரை முன்னே விட்டுக் காத்திருங்கள். வீட்டுக்கு வாங்குவதானால் அங்கேயே இருக்கிற இறைச்சிக் கடைகளில் முழுத்துண்டாகக் கேளுங்கள், வெட்டித்தரவா என்று கேட்டால் கால் அங்குலம் என்று சொல்லுங்கள், அவர்கள் வெட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.